பாரிசவாதத்துக்குப் பிறகு மூளையைச் சோதிக்கிறார்கள்: எந்த மொழியில்?

(எமது ஆலோசனைச் சந்திப்பு ஒன்றில், மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகின்றோம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.)



இண்டைக்கு நான் கதைக்க வந்தது பாரிசவாதத்தைப் பற்றி. ஜேர்மன்காரர் 'ஷ்லாக்அன்ஃபால்' எண்டு சொல்லுவினம். இந்த நாட்டில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 270,000 பேருக்கு இது வருகிறது. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க ஏலாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 112. 'கொஞ்சம் படுத்தெழும்பினால் சரியாயிடும்' எண்டு காத்திருக்கக் கூடாது. இது உங்களில் கன பேருக்குத் தெரியும். ஆனால் உயிர் தப்பின பிறகு நடக்கிற ஒரு விசயம் அநேகருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்லப் போறன்.

கட்டிலில் இருக்கிற நோயாளியிடம் ஒருவர் தாள்களோடு வருவார். இண்டைக்கு என்ன திகதி, இந்தச் சொற்களை ஞாபகம் வையுங்கோ, இந்தப் படத்தின் பெயர் என்ன, இதைப் பார்த்து வரையுங்கோ எண்டு கேட்பார். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கட ஆட்கள் இதை ஏதோ பொழுதுபோக்குக் கேள்வி எண்டு நினைக்கினம். அப்படியில்லை. அந்தத் தாளில் வருகிற புள்ளி, நோயாளி எந்தப் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போவார், என்ன பயிற்சி கிடைக்கும், பராமரிப்புத் தரம் எவ்வளவு, திரும்பக் கார் ஓடலாமா, தன்ர காசு விவகாரத்தைத் தானே பார்க்கலாமா எண்ட முடிவுகளுக்கெல்லாம் ஒரு ஆதாரமாகப் போய்ச் சேரும்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். கன வருடத்துக்கு முந்தி ஒரு மருத்துவமனையில் ஒரு அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போனேன். வயது எழுபதுக்கு மேலே. ஊரில் நாலாம் வகுப்பு மட்டும் படிச்சவ. உளவியலாளர் ஐந்து சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். அதில் ஒன்று இந்த நாட்டுப் புல்தரையில் பூக்கிற ஒரு சின்னப் பூ. (சோதனையில் வருகிற சொற்களை வெளியில் சொல்லக் கூடாது. அதனால் பெயரை விடுகிறேன்.) அம்மா என்னைப் பார்த்து, "அது என்ன பிள்ளை?" எண்டு கேட்டா. நான், "செவ்வந்தி மாதிரி ஒரு பூ அம்மா" எண்டு சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டபோது அவ "செவ்வந்தி" எண்டா. நான் அந்த ஜேர்மன் பூவின் பெயரைச் சொல்லிவிட்டேன். உளவியலாளர் ஒரு புள்ளி போட்டார்.

அடுத்தது, 'எஃப்' எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேணும். தமிழில் அந்த எழுத்தே இல்லை. நான் என்ர பாட்டுக்கு 'ப' எண்டு மாற்றினேன். அம்மா 'பல்', 'படி' எண்டு சொல்லிவிட்டு நிண்டுபோனா. 'பால்', 'பிள்ளை', 'பூ' எல்லாம் சொல்லலாமோ எண்டு அவவுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் 'ப' வேறை, 'பா' வேறை, 'பி' வேறை எண்டுதானே படிச்சவ? எனக்கும் தெரியவில்லை. புள்ளி குறைந்தது.

ஒரு இடத்தில் நான் கூட்டிக் கொடுத்தேன், இன்னொரு இடத்தில் குறைத்துக் கொடுத்தேன். கடைசியில் வந்த எண்ணிக்கை அம்மாவின்ர மூளையைச் சொன்னதா, என்ர மொழிபெயர்ப்பைச் சொன்னதா? அறிக்கையில் 'ஞாபகசக்திக் குறைபாடு' எண்டு எழுதிப்போட்டினம். வீட்டில் எல்லாருக்கும் இடிவிழுந்த மாதிரி.

உண்மையான பிரச்சினை வேறை. அந்த அம்மா கோப்பையில் இருக்கிற சோற்றில் வலதுபக்கத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு, 'காணாது, இன்னும் போடுங்கோ' எண்டு கேட்டா. இடதுபக்கத்துச் சோறு அப்படியே கிடந்தது. கதவுநிலையில் இடதுதோள் முட்டி முட்டிக் கண்டிப்போயிருந்தது. மூளையின் வலதுபாதியில் அடி விழுந்தவர்களுக்கு இது வரும். கண் நல்லாய்த் தெரியும், ஆனால் இடதுபக்கம் எண்டு ஒன்று இருக்கிறதே அவர்கள் கவனத்தில் வராது. தெருவைக் கடக்கேக்கை இடதுபக்கத்தால் வருகிற வாகனத்தையும் காணமாட்டினம். அந்தச் சோதனை இதைப் பிடிக்கவில்லை. கன நாள் கழித்து ஒரு பயிற்சியாளர்தான் கண்டுபிடித்தார்.

சோதனைகள் எங்கிருந்து வந்தன?

இந்தக் குறுஞ்சோதனைகளில் பழையது 1975இல் அமெரிக்காவில் வந்தது. இன்னொன்று 2005இல் கனடாவின் மொன்றியல் நகரத்தில் வந்தது. இரண்டுக்கும் 30 புள்ளி. இரண்டும் முக்கியமாக முதியவர்களின் மறதிநோயை மனதில் வைத்துச் செய்தவை. பாரிசவாதம் அப்படியில்லை. அது மூளையில் எந்த இடத்தில் அடித்ததோ அந்தத் திறனைத்தான் கெடுக்கும். ஒருவருக்குப் பேச்சுப் போகும், ஞாபகம் பிழையில்லை. இன்னொருவருக்குப் பேச்சு வடிவாய் இருக்கும், ஒரு பக்கம் கவனத்தில் இருக்காது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாய்ச் சொன்னால் எது போனது எண்டு தெரியாது.

அதனால் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் நேலெ டெமெயர், கிளின் ஹம்ஃப்ரீஸ் ஆகியோரின் குழு பாரிசவாத நோயாளிகளுக்கென்றே ஒரு சோதனையைச் செய்து 2015இல் வெளியிட்டது. மொழி, கவனம், ஞாபகம், எண், கைச்செயல் என ஐந்து பிரிவாகத் தனித்தனியே பார்க்கும். பதினைந்து, இருபது நிமிடம் போதும். பேச ஏலாதவர் விரலால் சுட்டிக்காட்டிப் பதில் சொல்லவும் பல இடங்களில் வழி வைத்திருக்கினம். இத்தாலியன், டச்சு, ஹொங்கொங்கில் பேசுகிற கன்ரோனிஸ் எனப் பல மொழிகளில் இதைச் செய்து சரிபார்த்திருக்கினம்.

துருக்கி மக்களின் கதை

ஜேர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது 1961 ஒக்ரோபர் 30ஆம் திகதி. அனதோலியாக் கிராமங்களில் இருந்து வந்து தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் எங்களுக்கு ஒரு தலைமுறை முந்தி இங்கை முதுமை அடைந்தார்கள். எங்கட ஆட்கள் பெரும்பாலும் 1983 யூலைக்குப் பிறகு, கிழக்கு பேர்லின் வழியாகவும் வேறு வழிகளாலும் வந்தவர்கள். துருக்கி முதியவர்கள் அண்டைக்குப் பட்டதை நாங்கள் இப்ப படத் தொடங்குகிறோம். அதனால்தான் அவர்களின்ர அனுபவம் எங்களுக்கு வேணும்.

துருக்கி முதியவர்களை ஜேர்மன் சோதனையால் அளந்தால், சுகமாய் இருக்கிறவருக்கும் நோய் எண்டு வந்தது. காரணம் மொழி மட்டுமில்லை. பள்ளிக்கூடம் போகாத பெண்கள் கன பேர். பென்சில் பிடித்துக் கனசதுரம் வரையச் சொன்னால் என்ன செய்வினம்? கொலோன் நகரில் யோசெப் கெஸ்லர், எல்கே கல்பே முதலிய ஆய்வாளர்கள் துருக்கி மக்களுக்கென்றே 'ட்ராகூலா' எண்ட ஒரு சோதனையைச் செய்தார்கள். பண்பாடு கடந்த மூளைத்திறன் மதிப்பீடு எண்டு அதின்ர கருத்து. ஆனால் அது மறதிநோய்க்கு. பாரிசவாதத்துக்கு வேறை சோதனை வேணும், அதையும் துருக்கி மொழியில் தனியாகச் சரிபார்க்க வேணும்.

சரிபார்க்கிறது எண்டால் என்ன? ஊரில் அரிசி அளக்கிற கொத்தை நினைச்சுப் பாருங்கோ. எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் முத்திரை குத்தாத கொத்தை நம்பி வாங்கமாட்டம். சோதனையும் அப்படித்தான். மொழிபெயர்த்தால் கொத்து செய்தாச்சு. முத்திரை இன்னும் குத்தவில்லை. அந்த முத்திரைக்கு என்னென்ன செய்ய வேணும் எண்டு பாருங்கோ.

முதலாவது, இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்க வேணும். பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திருப்பி மூலமொழிக்குக் கொண்டுபோக வேணும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கருத்து மாறியது எண்டு தெரியும்.

இரண்டாவது, மொழிபெயர்க்க ஏலாததை மாற்றிச் செய்ய வேணும். ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் எண்ட எழுத்துகளில் சொற்கள் கேட்கினம். துருக்கி மொழியில் எஃப்பில் தொடங்குகிற சொற்கள் குறைவு, இருக்கிறதும் பெரும்பாலும் இரவல் சொற்கள். அதனால் அங்கே கே, ஏ, எஸ் எண்டு கேட்கிற வழக்கம் வந்தது. இன்னொன்று: ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதி வேறு மாதிரி வாசிக்கிற சொற்கள் நிறைய. மூளையின் வாசிப்புத் திறனைப் பிடிக்க அந்தச் சொற்களைப் போடுவினம். துருக்கி மொழி 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறினது, எழுதின மாதிரியே வாசிக்கலாம். அங்கே அந்தத் தந்திரம் எடுபடாது, வேறு வழி தேட வேணும்.

மூன்றாவது, பாரிசவாதம் வராத, சுகமான ஆட்களிடம் முதலில் சோதிக்க வேணும். வயதுவாரியாக, படிப்புவாரியாக. சாதாரண ஆள் எத்தனை எடுப்பார் எண்டு தெரிந்தால்தானே எதற்குக் கீழே போனால் நோய் எண்டு சொல்லலாம்? வழக்கமாக, சுகமான நூறு பேரில் கடைசி ஐந்து பேர் எடுக்கிற புள்ளியில் கோடு போடுவினம். அந்த நூறு பேரும் பத்து வருடம் ஜேர்மன் பள்ளிக்கூடம் போனவராய் இருந்தால், நாலாம் வகுப்புப் படித்த அம்மா சுகமாயிருந்தாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக்கூடும். மொன்றியல் சோதனையில் 12 வருடத்துக்கு மேல் படிக்காதவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பினம். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்கு? அதனால் 2015இல் படிப்புக் குறைந்தவர்களுக்கெண்டு அதே சோதனையின் வேறு வடிவம் ஒன்றை வெளியிட்டினம்.

நான்காவது, பாரிசவாதம் வந்தவர்களிடம் சோதித்து, நீண்ட, முழுமையான பரிசோதனையின் முடிவோடு ஒப்பிட வேணும். நோய் உள்ளவரை எத்தனை தரம் விட்டுவிட்டது, நோய் இல்லாதவரை எத்தனை தரம் பிடித்தது? இரண்டு பிழையும் பிழைதான். சில நாள் கழித்துத் திரும்பச் செய்தாலும், வேறு ஒருவர் செய்தாலும், முடிவு ஏறக்குறைய அதேதானா எண்டும் பார்க்க வேணும்.

இதெல்லாம் முடிய வருடக்கணக்காகும். அதுக்குப் பிறகும் ஒரு கேள்வி இருக்கு. துருக்கியில் வைத்துச் சரிபார்த்த சோதனை இங்கை ஐம்பது வருடம் இருந்தவருக்குப் பொருந்துமா? அவர் துருக்கி மொழிக்குள் ஜேர்மன் சொல்லைக் கலந்துதான் கதைப்பார். இன்னொன்று, துருக்கிக் கடவுச்சீட்டோடு வந்தவர்களில் குர்திஷ் தாய்மொழிக்காரரும் கன பேர். கடவுச்சீட்டைப் பார்த்து மொழியைத் தீர்மானிக்க ஏலாது.

இது எங்களுக்கும் நடக்குது. 'ஸ்ரீலங்கா' எண்டு பார்த்துவிட்டு ஒரு மருத்துவமனையில் சிங்கள மொழிபெயர்ப்பாளரை அழைத்து வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறன். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஐயாவுக்கு ஒண்டும் விளங்கவில்லை.

தமிழில் என்ன நிலை?

இந்தியாவிலும் இதே சிக்கல். 1995இல் வெளிவந்த ஒரு ஆய்வில், டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறிவில்லாத முதியவர்களுக்காக அமெரிக்கச் சோதனையை இந்தியில் மாற்றினார்கள். மணி என்ன எண்டதுக்குப் பதிலாக 'இது காலையா, மத்தியானமா, பின்னேரமா?' எண்டு கேட்டார்கள். ஒரு வசனம் எழுதச் சொல்லாமல், 'உங்கட வீட்டைப் பற்றி ஒன்று சொல்லுங்கோ' எண்டார்கள். எவ்வளவு சின்ன மாற்றம், ஆனால் அளக்கிறது அதே திறனைத்தான். 2004இல் சிட்னியில் பல இன மக்களுக்கெண்டு செய்த 'ரூடாஸ்' சோதனையை 2006இல் கேரளத்தில் மலையாளத்தில் செய்து பார்த்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பெரிய சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எண்ட ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டது. தமிழ் அந்த ஐந்தில் இல்லை.

மொன்றியல் சோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கு. ஆனால் சென்னைத் தமிழுக்குச் செய்த தாள் எங்களுக்கு அப்படியே சரிவராது. படத்தைக் காட்டி 'என்ன இது?' எண்டு கேட்டால், எங்கட ஆள் 'கதிரை' எண்பார். தாளில் 'நாற்காலி' எண்டு இருக்கும். நாங்கள் 'சப்பாத்து' எண்டுவம், தாளில் 'செருப்பு' அல்லது 'ஷூ' எண்டு இருக்கும். புள்ளி போடுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழை எண்டு போட்டுவிடுவார்.

எண்களில் இன்னொரு பொறி. ஜேர்மனில் 25ஐ 'ஐந்தும் இருபதும்' எண்டு சொல்லுவினம். தமிழிலும் துருக்கியிலும் இருபது முன்னுக்கு வரும். ஜேர்மனில் சொல்லி எழுதச் சொன்னால் எங்கட ஆள் 52 எண்டு எழுதக்கூடும். சுகமாய் இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான் எழுதியிருப்பார். அதை மூளைப் பாதிப்பு எண்டு எடுத்தால் எப்படி?

நீங்கள் என்ன செய்யலாம்?

தமிழில் முழுக்கச் சரிபார்த்த சோதனை வரும்வரைக்கும் நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை.

1. சோதனைக்கு முந்தியே சொல்லுங்கோ: தாய்மொழி தமிழ், இத்தனை வருடம் படித்தவர், எந்த மொழியில் படித்தவர், வலக்கையா இடக்கையா, கண்ணாடி, காதுக்கருவி பாவிக்கிறவரா. இதை ஒரு தாளில் ஜேர்மனில் எழுதி நோயாளியின்ர கோப்பில் வைக்கச் சொல்லுங்கோ. கண்ணாடி இல்லாமல் செய்த சோதனையை நானே கண்டிருக்கிறன்.

2. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. 'இஹ் ப்ரவுஹெ ஐனன் டொல்மெட்சர் ஃபூர் தமிழ்' எண்டு சொன்னால் போதும். 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி சிகிச்சை பற்றிய விளக்கம் நோயாளிக்கு விளங்குகிற மாதிரி இருக்க வேணும். ஆனால் மொழிபெயர்ப்புச் செலவைச் சட்டமுறை நோய்க்காப்புறுதி வழமையாகக் கட்டாது. சில மருத்துவமனைகளில் சொந்த மொழிபெயர்ப்புச் சேவை இருக்கு, தொலைபேசி வழியாகவும் வைத்திருக்கினம். அடைக்கலம் கோரி உதவிப்பணம் பெறுகிறவர்கள் சமூகநல அலுவலகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுப்பினம், அதனால் காரணத்தை வடிவாய் எழுதுங்கோ.

3. சோதனை நேரத்தில் பிள்ளைகள் மொழிபெயர்க்க வேண்டாம். பசி, வலி, மருந்து கதைக்க நீங்கள் உதவலாம். ஆனால் அம்மா தடுமாறும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் பிள்ளையால் ஏலாது. நான் வெளியாள், என்னாலேயே ஏலாமல் போனது. நீங்கள் எடுத்துக் கொடுக்கிற ஒரு சொல், தேவையான பயிற்சியை அவவுக்குக் கிடைக்காமல் செய்துவிடும்.

4. வீட்டில் பதில்களைப் பாடமாக்கிக் கொடுக்க வேண்டாம். இது வதிவிட அனுமதி நேர்காணல் இல்லை, பாஸ் பண்ண வேண்டிய பரீட்சையும் இல்லை. பிழை விட்டால்தான் எங்கே உதவி வேணும் எண்டு தெரியும்.

5. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ. கோப்பையில் பாதிச் சோறு, ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகம், தேத்தண்ணி போடேக்கை ஒழுங்கு மாறுகிறது, முந்திக் கதைத்த ஜேர்மன் போய்த் தமிழ் மட்டும் நிற்கிறது, அல்லது மறுவளமாய். இரண்டு மொழி பேசுகிறவருக்கு இரண்டும் ஒரே அளவில் திரும்பி வர வேணும் எண்டில்லை. இந்தத் தகவல் எந்தச் சோதனைத் தாளிலும் இல்லை, உங்களிடம்தான் இருக்கு.

6. அறிக்கையில் எழுதச் சொல்லுங்கோ: எந்தச் சோதனை, எந்த மொழியில், யார் மொழிபெயர்த்தது, எத்தனை வருடம் படித்தவர். 'மொழி காரணமாக முடிவை நிச்சயமாகச் சொல்ல ஏலாது' எண்ட ஒரு வசனம் இருந்தால், அடுத்த டொக்டர் அந்தப் புள்ளியை வேதவாக்காக எடுக்கமாட்டார்.

7. பராமரிப்புத் தரம், 'ஃப்ளேகெகிராட்'. 2017இல் இருந்து ஐந்து தரம் இருக்கு. மதிப்பீட்டில் விளங்கும் திறன், தொடர்பாடல் திறன் ஒரு பிரிவு. மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருகிற நாளிலும் மொழிபெயர்க்க ஒருவர் இருக்கட்டும். முடிவு பிழை எண்டு நினைத்தால் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் 'விடர்ஸ்ப்ருஹ்', அதாவது ஆட்சேபம், எழுத்தில் போட வேணும்.

8. வீட்டுக்கு வந்த பிறகும் திறன் குறைவு தெரிந்தால், வெளிநோயாளராக நரம்பியல்-உளவியல் சிகிச்சை பெறலாம். 2012இல் இருந்து சட்டமுறை நோய்க்காப்புறுதி இதை ஏற்கிறது. பேச்சுப் பயிற்சியும், கைவேலைப் பயிற்சியான 'எர்கோதெராபி'யும் டொக்டரின் சீட்டோடு கிடைக்கும்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

ஒரு ஐயா கேட்டார்: "என்ர மனுசிக்குப் போன மாதம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சோதனை செய்துபோட்டினம். இனி என்ன செய்யிறது?"

திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கோ ஐயா. பாரிசவாதம் வந்த முதல் நாட்களில் எல்லாருக்கும் களைப்பு, குழப்பம் இருக்கும். அதனால் வாரங்கள் கழித்துத் திரும்பச் சோதிக்கிறது வழமையானதுதான், நீங்கள் சண்டை பிடிக்கத் தேவையில்லை. இந்த முறை மொழிபெயர்ப்பாளரோடு, கண்ணாடியோடு, காலையில், களைப்பில்லாத நேரத்தில் செய்யச் சொல்லுங்கோ. பழைய அறிக்கையின் பிரதி ஒன்றும் கேட்டு வாங்கி வைத்திருங்கோ. அது உங்கட உரிமை.

கடைசியாக ஒன்று. துருக்கி மொழியில் சரிபார்க்க முடிந்ததுக்கு ஒரு காரணம், சுகமான துருக்கி மக்கள் பலர் ஆய்வுக்கு வந்து இருந்து பதில் சொன்னது. நாளைக்குத் தமிழுக்கு ஒருவர் இதைச் செய்ய வந்து, 'உங்களுக்கு ஒரு நோயும் இல்லை, ஆனால் ஒரு மணித்தியாலம் தாருங்கோ' எண்டு கேட்டால் தயவுசெய்து மறுக்காதையுங்கோ. படித்தவர் மட்டும் போனால் போதாது. நாலாம் வகுப்போடு நிண்ட அம்மாக்களும் போக வேணும். அவர்கள் போனால்தான் அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போடலாம்.

நான் பிழைவிட்ட அந்த அம்மா பிறகு பயிற்சி எடுத்தா. கோப்பையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, சாப்பிடேக்கை முதலில் அதைத் தேடிப் பார்க்கப் பழக்கினார்கள். மாதங்கள் எடுத்தது. பிறகு முழுக் கோப்பையையும் சாப்பிட்டா. அந்தப் பயிற்சி முதல் கிழமையிலேயே தொடங்கியிருக்கலாம்.